ஸ்லாட்டில் உட்கார்ந்தால் ஓடும் என்று நம்பியவன் எழுதுவது

சொந்தமாக ஒரு கேமிங் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்வது என்று 2024 ஜூனில் இறங்கியபோது பிராசசருக்கு இரண்டு வாரம், கிராபிக்ஸ் கார்டுக்கு மூன்று வாரம் மண்டையை உடைத்துக்கொண்டேன். பிராசசர் வேலை செய்யும்போது தரவை வைத்துக்கொள்ளும் தற்காலிக மெமரியான ரேமுக்கு ஒதுக்கியது பத்து நிமிஷம். அந்தப் பத்து நிமிஷத்துக்குக் கட்டிய தண்டம் 5,570 ரூபாய். செப்டம்பர் வரை ஞாயிற்றுக்கிழமைகள் போனது தனிக் கணக்கு. வேலூரில் சொல்லித்தர ஆளே இல்லை என்று சொல்ல மாட்டேன். யாரிடம் என்ன கேட்க வேண்டும் என்பதே எனக்குத் தெரியவில்லை. மெஷின் இதுதான்: ரைசன் 5 5600, நாலு ரேம் ஸ்லாட் உள்ள பி550 மதர்போர்டு, ரேடியான் ஆர்எக்ஸ் 6600 கார்டு. பிராசசரும் போர்டும் ஏஎம்4 சாக்கெட் (பிராசசர் உட்காரும் இடம்) என்பதால் டிடிஆர்4 தலைமுறை ரேம் மட்டும்தான் ஏறும். இந்த ஒரு விஷயம் எனக்குத் தெரிந்திருந்தது. அதுவே போதும் என்று நினைத்ததில்தான் ஆரம்பித்தது வினை.

டவுனில் ஒரு கடையில் 16 ஜிபி ஸ்டிக் (ரேம் பலகை) ஒன்று, 3200 வேகம் (நொடிக்கு 3,200 மில்லியன் தடவை தரவு போகும்), 3,150 ரூபாய் என்றார்கள். ஒன்று போதுமா, இரண்டு 8 ஜிபியாக வாங்கலாமா என்று கேட்டேன். "இன்னா தம்பி, ரேம்னா ரேம்தான். இப்ப ஒண்ணு போடு, துட்டு வந்தா இன்னொண்ணு சொருகிக்கோ" என்றார் கடைக்காரர். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்து மாட்டி, விண்டோஸ் போட்டு, கேம் ஓட்டினால் சராசரி எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை படம்) ஒன்றும் மோசமில்லை. ஆனால் ஊருக்குள் வண்டியைத் திருப்பும்போது, நாலு பேர் ஒன்றாகச் சுடும்போது, படம் அரை நொடி நின்று நின்று வரும். கார்டுதான் மட்டம் என்று முடிவு கட்டிவிட்டேன். பாவம், அது சும்மா உட்கார்ந்து பிராசசரின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. பிராசசரோ ரேமின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது.

கணக்கு சுலபம். ரேமுக்கும் பிராசசருக்கும் நடுவே உள்ள வழிக்குச் சேனல் என்று பெயர். ஒரு சேனல் 64 பிட் அகலம், அதாவது 8 பைட். 3200 வேகத்தில் ஒரு ஸ்டிக் நொடிக்கு 25.6 ஜிபி தரும். இரண்டு ஸ்டிக்கை இரண்டு சேனலில் போட்டால் 51.2. ஒரே ஸ்டிக் என்றால், அது 16 ஜிபியோ 32 ஜிபியோ, பாதி வழிதான் திறந்திருக்கும். பாலாற்றுப் பாலத்தில் ஒரு பக்கத்தை அடைத்துவிட்டால் காட்பாடி ரோடு என்ன ஆகும் என்று வேலூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாமல் 5600ஜி மாதிரி பிராசசரிலேயே கிராபிக்ஸ் உள்ளதை வாங்குகிறவர்களுக்கு அடி இதைவிடப் பலம். அந்த கிராபிக்ஸுக்குத் தனி மெமரி கிடையாது, இதே ரேமைத்தான் பங்கு போட்டுக்கொள்ளும். அங்கே ஒற்றை ஸ்டிக் போடுவதைப் போல் பணத்தை வீணாக்கும் வழி வேறு இல்லை.

இரண்டாவது விஷயம் அடுத்த வாரம்தான் தெரிந்தது. டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபாமன்ஸ், மெமரி என்று போய்ப் பார்த்தால் வேகம் 2400 என்று காட்டியது. 3200-க்குக் காசு கொடுத்துவிட்டு 2400-ல் ஓட்டிக்கொண்டிருந்தேன். பெட்டியில் போட்டிருக்கும் வேகம் பெரும்பாலும் தானாக வராது. முதல்முறை ஆன் ஆகும்போது எந்தப் போர்டாக இருந்தாலும் பத்திரமான ஒரு பொதுவேகத்தில்தான் ரேமை எழுப்பும். டிடிஆர்4-ல் அது பெரும்பாலும் 2133-லிருந்து 2666 வரை, டிடிஆர்5-ல் பெரும்பாலும் 4800. பெட்டியில் உள்ள வேகம், டைமிங், வோல்டேஜ் மூன்றும் ஸ்டிக்குக்குள்ளேயே ஒரு சின்ன சிப்பில் எழுதப்பட்டிருக்கும். கம்ப்யூட்டர் கிளம்பும்போது டெலீட் பட்டனைத் தட்டி, போர்டின் அடிப்படை செட்டிங் இருக்கும் பயாஸுக்குள் போய் எக்ஸ்எம்பி என்பதை ஆன் செய்தால்தான் போர்டு அதைப் படிக்கும். சில ஏஎம்டி போர்டில் டிஓசிபி என்றிருக்கும், டிடிஆர்5-க்கு ஏஎம்டி வைத்த பெயர் எக்ஸ்போ. பயாஸை அப்டேட் செய்தாலும், சிமாஸ் கிளியர் செய்தாலும் (பயாஸ் செட்டிங்கை அழித்தாலும்) இது மறுபடி ஆஃப் ஆகிவிடும். நான் இரண்டு தடவை அப்படி ஏமாந்தேன். இன்னொரு குழப்பம்: சிபியு-இசட் மென்பொருள் 3200 ரேமுக்கு 1600 என்று காட்டும். பயப்பட வேண்டாம், ஒரு துடிப்புக்கு இரண்டு தடவை தரவு போவதால் அதை இரட்டிப்பாக்கிக்கொள்ள வேண்டும். அதிலேயே மெமரி பக்கத்தில் சேனல் என்ற இடத்தில் 2 x 64 பிட் என்று வந்தால் டிடிஆர்4-ல் இரண்டு வழியும் திறந்திருக்கிறது. டிடிஆர்5-ல் ஒரே ஸ்டிக்கே 2 x 32 பிட் என்று காட்டும். அதைப் பார்த்து இரட்டைச் சேனல் என்று நினைத்துவிடாதீர்கள், இரண்டு ஸ்டிக் போட்டால் 4 x 32 பிட் என்று வர வேண்டும்.

சம்பளம் வந்ததும் கடைக்காரர் சொன்னபடி இன்னொன்று சொருகினேன். அதே மாடல் ஸ்டாக் இல்லை. வேறு கடையில் வேறு கம்பெனி, 16 ஜிபி, 3200, 2,700 ரூபாய். இரண்டிலும் 3200 என்று எழுதியிருக்கிறதே, என்ன வித்தியாசம் வந்துவிடப் போகிறது? வந்தது. முதல் ஸ்டிக் சிஎல்16, 1.35 வோல்ட். இரண்டாவது சிஎல்22, 1.2 வோல்ட். சிஎல் என்பது கேட்ட தரவைக் கொடுக்க ரேம் எத்தனை துடிப்பு காத்திருக்கிறது என்ற எண். அதை 2000-ஆல் பெருக்கி வேகத்தால் வகுத்தால் நானோ நொடியில் விடை வரும். 3200 சிஎல்16 என்றால் 10. 3200 சிஎல்22 என்றால் 13.75. 3600 சிஎல்18, 6000 சிஎல்30 இரண்டுமே 10 தான். 5200 சிஎல்40 வாங்கினால் 15-க்கு மேல் போய்விடும், டிடிஆர்5 என்ற பெயருக்காகக் காத்திருக்க வேண்டியதுதான். கடையில் நின்றுகொண்டே போனில் போட்டுப் பார்க்கக்கூடிய கணக்கு இது.

எக்ஸ்எம்பி ஆன் செய்தால் போர்டு முதல் ஸ்டிக்கின் டைமிங்கை இரண்டுக்கும் சேர்த்துப் போட்டது. இரண்டாவது ஸ்டிக்கால் சிஎல்16-ல் ஓட முடியாது. உடனே நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. நாற்பது நிமிஷம் நன்றாக ஓடும், பிறகு கேம் மூடிக்கொள்ளும். இரண்டு நாள் ஒன்றும் ஆகாது, மூன்றாம் நாள் மெமரி மேனேஜ்மென்ட் என்று நீலத்திரை வரும். ஒரு பெரிய கேமை இறக்கி விரித்தால் ஃபைல் கெட்டிருக்கிறது என்று சொல்லும். கிராபிக்ஸ் டிரைவரை நாலு தடவை மாற்றினேன். விண்டோஸை இரண்டு தடவை அழித்துப் போட்டேன். எஸ்எம்பிஎஸ் (மின்சாரம் தரும் பெட்டி) பலவீனமோ என்று அதை மாற்றப் போய்விட்டேன், நல்லவேளை கையில் காசில்லை. மூன்று வாரம் இப்படி. ராத்திரி ஒரு மணிக்கு அந்த நீலத்திரையைப் பார்க்கும்போது, வாங்கியது எல்லாவற்றையும் மூட்டை கட்டி விற்றுவிட்டு பிளேஸ்டேஷன் வாங்கிவிடலாமா என்று தோன்றும்.

முதல் நாளே செய்திருக்க வேண்டிய வேலை ஒன்று உண்டு. மெம்டெஸ்ட்86 என்ற இலவச மென்பொருளை ஒரு பென்டிரைவில் எழுதி, அதிலிருந்து கம்ப்யூட்டரைக் கிளப்ப வேண்டும். விண்டோஸ் தேவையில்லை. இலவசப் பதிப்பு நாலு சுற்று ஓடும். 32 ஜிபிக்குப் பல மணி நேரம் ஆகும், ராத்திரி போட்டுவிட்டுப் படுக்கலாம். ஒரே ஒரு பிழை வந்தாலும் தேறவில்லை என்றுதான் அர்த்தம், "ஒண்ணுதானே" என்று விடக்கூடாது. பிழை வந்தால் எக்ஸ்எம்பியை ஆஃப் செய்து மறுபடி ஓட்டுங்கள். அப்போது பிழை போய்விட்டால் ஸ்டிக் பழுதில்லை, செட்டிங்கோ ஜோடியோதான் ஒத்துவரவில்லை. அப்போதும் வந்தால் ஒவ்வொரு ஸ்டிக்காகத் தனித்தனியே, ஒரே ஸ்லாட்டில் மாட்டிப் பாருங்கள். ஒரு ஸ்டிக்கில் மட்டும் பிழை என்றால் வாரண்டிக்கு அனுப்பலாம். எனக்கு முதல் வகை. இரண்டு ஸ்டிக்கும் தனியாக நல்ல பிள்ளைகள், சேர்த்தால் சண்டை. அதனால் வாரண்டியும் செல்லாது, கடைக்காரரைக் குற்றம் சொல்லவும் வழியில்லை. 2666-க்கு இறக்கி ஓட்டினால் பிழை வரவில்லை. ஆனால் அதற்காகவா இவ்வளவு?

மூன்றாவது முட்டாள்தனம்தான் எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஆத்திரத்தில் காலை ரயிலில் காட்பாடியிலிருந்து ஏறி, 130 கிலோமீட்டர் போய், சென்னையில் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் அலைந்தேன். பழைய சரக்கு விற்கும் ஒரு இடத்தில் டிடிஆர்4 16 ஜிபி ஸ்டிக் இரண்டு, ஒரே கம்பெனி, ஒரே நம்பர், ஜோடி 3,000 ரூபாய். ஜோடியாகக் கிடைக்கிறதே என்று பாய்ந்து வாங்கினேன். வீட்டில் வந்து மாட்டினால் கச்சிதமாக உட்கார்ந்தது, இரண்டு பக்கமும் கிளிக். ஆன் செய்தால் திரை கருப்பு, போர்டில் டிரேம் என்ற விளக்கு எரிந்தபடியே நிற்கிறது. அது சர்வர் ரேம். ரிஜிஸ்டர்டு என்பார்கள். டிடிஆர்4-ல் சர்வர் ரேமுக்கும் வீட்டு ரேமுக்கும் 288 பின், பின் வரிசைக்கு நடுவில் உள்ள வெட்டு இருக்கும் இடமும் ஒன்றே. அதனால் எந்தத் தடையும் இல்லாமல் ஸ்லாட்டில் ஏறும், ஆனால் சாதாரண போர்டு அதை எழுப்பவே எழுப்பாது. போர்டு கெடாது, அந்த மட்டில் சந்தோஷம். டிடிஆர்5-ல் இரண்டுக்கும் வெட்டின் இடத்தையே வேறாக்கிவிட்டார்கள், அங்கே இந்த விபத்து நடக்காது. திருப்பிக் கொடுக்கப் போன் போட்டால், "ஓடுற மால்தான் சார் குடுத்தோம், உங்க போர்டு அப்படி" என்றார். அவர் சொன்னதும் பொய்யில்லை.

இத்தனைக்கும் பதில் ஸ்டிக்கிலேயே ஒட்டியிருந்தது. பெரும்பாலான ஸ்டிக்கர்களில் 2ஆர்எக்ஸ்8 பிசி4-2400டி-யு என்கிற மாதிரி ஒரு வரி இருக்கும். எண்களுக்குப் பின்னால் கோடு போட்டு வரும் எழுத்தைப் பாருங்கள்: ஆங்கில யு என்றால் வீட்டு டெஸ்க்டாப் ரேம், ஆர் என்றால் ரிஜிஸ்டர்டு, எஸ் என்றால் லேப்டாப். என் ஜோடியில் கொட்டை எழுத்தில் ஆர் இருந்தது. ஸ்டிக்கர் கிழிந்திருந்தால் சிப்பை எண்ணுங்கள். ஒரு வரிசையில் 8 இல்லாமல் 9 இருந்தால், நடுவில் வேறு மாதிரி ஒரு சிப் தனியாக உட்கார்ந்திருந்தால், கீழே வைத்துவிட்டு நடையைக் கட்டுங்கள். முன்னால் வரும் 1ஆர், 2ஆர் என்பது சிப்கள் எத்தனை அணியாக இருக்கின்றன என்பது. எக்ஸ்8, எக்ஸ்16 என்பது ஒரு சிப்பின் அகலம். 8 ஜிபி ஸ்டிக் வாங்கும்போது 1ஆர்எக்ஸ்16 என்றிருந்தால் அதில் நாலே சிப்தான் இருக்கும், உள்ளே தரவை மாற்றி மாற்றிக் கையாளும் பகுதிகளான பேங்க் குழுக்கள் பாதி என்பதால் 1ஆர்எக்ஸ்8-ஐவிட மந்தம். வேகமும் சிஎல்லும் ஒன்றாகவே இருக்கும், அதனால் யாரும் கவனிப்பதில்லை. பிசி4-25600 என்று எழுதியிருந்தால் குழம்ப வேண்டாம், அதை 8-ஆல் வகுத்தால் 3200. ஒரே மாடல் நம்பர் என்பதும் முழு உத்தரவாதம் இல்லை. கம்பெனிகள் சொல்லாமல் சிப்பை மாற்றும். கோர்செய்ர் ஸ்டிக்கில் வெர் என்று ஒரு எண் இருக்கும், 3-ல் தொடங்கினால் மைக்ரான் சிப், 4 என்றால் சாம்சங், 5 என்றால் ஹைனிக்ஸ். இதனால்தான் இரண்டு ஸ்டிக்கும் ஒரே பெட்டிக்குள் வரும் கிட் வாங்க வேண்டும் என்கிறார்கள். அவை ஜோடியாகச் சோதித்து அடைத்தவை. கிட்டின் முழு பார்ட் நம்பரை, போர்டு கம்பெனி தன் தளத்தில் போட்டிருக்கும் மெமரி பட்டியலில் தேடிப் பார்த்துவிட்டு வாங்கினால் இன்னும் நிம்மதி.

கடைசியில் 6,400 ரூபாய்க்கு ஒரே பெட்டியில் 2 x 16 ஜிபி, 3200 சிஎல்16 கிட் வாங்கினேன். 3600 சிஎல்18 சில நூறு ரூபாய்தான் அதிகம், ரைசன் 5000-க்கு அது இன்னும் பொருத்தம், ஸ்டாக் இல்லை. மாட்டும்போது கவனிக்க வேண்டியது கொஞ்சம் இருக்கிறது. எஸ்எம்பிஎஸ் சுவிட்சை அணைத்து, ஒயரைப் பிடுங்கி, பவர் பட்டனைப் பத்து நொடி அழுத்திப் பிடித்தால் மிச்ச மின்சாரம் வடியும். கேபினெட்டின் பெயின்ட் இல்லாத இரும்பைத் தொட்டுவிட்டு ஸ்டிக்கை ஓரத்தில் பிடித்து எடுங்கள். நம் ஊர் வறண்ட வெயிலில் பாலியஸ்டர் சட்டையோடு இந்த வேலை வேண்டாம். நாலு ஸ்லாட் போர்டில் பிராசசரிலிருந்து எண்ணினால் இரண்டாவதும் நாலாவதும், போர்டில் ஏ2, பி2 என்று அச்சிட்டிருக்கும். முதல் இரண்டு ஸ்லாட்டிலோ கடைசி இரண்டு ஸ்லாட்டிலோ போட்டால் இரண்டும் ஒரே சேனலில் விழுந்து, செலவழித்தும் ஒற்றை வழியாகவே நிற்கும். பல போர்டுகளில் ஒரு பக்கம்தான் தாழ்ப்பாள் அசையும். அசையாத பக்கம் சரியாக இறங்காமல் நிற்பதுதான் வழக்கம், இரண்டு முனையையும் கட்டை விரலால் அழுத்துங்கள். போர்டு லேசாக வளையும், பதற வேண்டாம். டவர் மாதிரி கூலர் வைக்கிறவர்கள் ஸ்டிக்கின் உயரத்தை மில்லிமீட்டரில் பார்த்துவிட்டு வாங்குங்கள். விளக்கு எரியும் ஸ்டிக்குகள் 44, 50 மி.மீ. வரை போகும், கூலரின் ஃபேன் இடிக்கும். பிராசசரோடு வரும் குட்டைக் கூலருக்கு அந்தக் கவலையில்லை. மாட்டியதும் பயாஸில் எக்ஸ்எம்பி ஆன், ராத்திரி மெம்டெஸ்ட். மே மாதம் அசெம்பிள் செய்தால் டெஸ்டை மத்தியானத்தில் ஓட்டுங்கள். நாற்பது டிகிரியில் தேறினால் வருஷம் முழுக்கத் தேறும். பயாஸ் அப்டேட் மட்டும் யுபிஎஸ் இல்லாமல் செய்யாதீர்கள், நடுவில் கரண்ட் போனால் போர்டே போய்விடலாம்.

நான் வாங்கியது டிடிஆர்4. இன்று ஏஎம்4-க்கு அடுத்த சாக்கெட்டான ஏஎம்5 போர்டு எடுக்கிறவர்களுக்கு டிடிஆர்5 தவிர வழியில்லை. இன்டெல் 12, 13, 14-ஆம் தலைமுறைக்கு இரண்டும் உண்டு, ஆனால் போர்டு பொதுவாக ஏதாவது ஒன்றைத்தான் ஏற்கும். பெயரில் டி4 என்றிருந்தால் டிடிஆர்4. வெட்டு வேறு இடத்தில் இருப்பதால் மாற்றி ஏறாது, ஏறவில்லையே என்று அமுக்கி ஸ்லாட்டை உடைக்காதீர்கள். எச்610 போர்டில் 3600 கிட் போட்டாலும் 3200-க்கு மேல் ஓடாது. ரைசன் 7000, 9000-க்கு 6000 சிஎல்30, எக்ஸ்போ போட்டது, 2 x 16 ஜிபி. அதற்கு மேல் வேகத்துக்குக் காசு கொட்ட வேண்டாம். பிறகு ஏற்றிக்கொள்ளலாம் என்று நாலு ஸ்டிக் திட்டம் போடாதீர்கள்: ஏஎம்5-ல் நாலு டிடிஆர்5 ஸ்டிக்குக்கு ஏஎம்டி அதிகாரபூர்வமாகச் சொல்வது 3600 வேகம்தான். டிடிஆர்5 8 ஜிபி ஸ்டிக்கில் மேலே சொன்ன நாலு சிப் குறை இருக்கிறது, தவிர்க்கலாம். புது ஏஎம்5 மெஷினை முதல்முறை ஆன் செய்ததும் சில நிமிஷம் திரை கருப்பாகவே இருக்கும், டிரேம் விளக்கு எரியும். ரேமைப் பழக்கிக்கொண்டிருக்கிறது, ஒரு பத்து நிமிஷமாவது தொடாமல் விடுங்கள். நடுவில் அணைத்தால் மறுபடி முதலிலிருந்து. காட்பாடிப் பக்கம் படிப்பு முடிந்து போகிற மாணவர்கள் மலிவாக விற்பது பெரும்பாலும் லேப்டாப் ரேம். அது நீளத்தில் ஏறக்குறைய பாதி, டெஸ்க்டாப்பில் ஏறாது.

விலையைப் பற்றி ஒன்று. நான் சொன்ன தொகையெல்லாம் 2024 கணக்கு, அதைக் கடையில் சொல்லிச் சண்டை போடாதீர்கள். 2025 கடைசியில் ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரியை வாரிக்கொண்டதும் விலை எங்கேயோ போய்விட்டது. அந்த டிசம்பரில் மைக்ரான், நம்மைப் போன்றவர்களுக்கு ரேம் விற்ற தன் குரூஷியல் பிராண்டையே மூடுவதாக அறிவித்தது. இந்த விலையில் ஒற்றை ஸ்டிக் ஆசை எல்லோருக்கும் வரும். என்னைக் கேட்டால் கண்ணாடி கேபினெட்டையும் கலர் விளக்கையும் விட்டுவிட்டு அந்தக் காசில் கிட் வாங்குங்கள். டிடிஆர்4 என்றால் ஒரு 16-ஐவிட 2 x 8 மேல்.

என் பழைய ஸ்டிக் இரண்டும் 2,000-க்கும் 1,700-க்கும் போயின. போக்குவரத்து 420. சர்வர் ஜோடியை யாரும் கேட்கவில்லை, மேஜை டிராயரில் கிடக்கிறது. முதல் ஸ்டிக் அவ்வளவு போனதற்குக் காரணம் பில் இருந்ததுதான். இரண்டாவதுக்கும் பில் வாங்கினேன், ஆனால் அது தெர்மல் காகிதம், மூன்று மாதத்தில் எழுத்து மங்கி வெள்ளைத்தாளாகிவிட்டது. வாங்கிய அன்றே பில்லையும், ஸ்டிக்கில் உள்ள சீரியல் நம்பரையும் சேர்த்து ஒரே போட்டோவாக எடுத்துவிடுங்கள். சூடு தணிக்கிறேன் என்று ஸ்டிக்கரை உரிக்காதீர்கள், உரித்தால் வாரண்டி இல்லை.